மஞ்சள் தொட்டியின் இடது சக்கரம்

சந்துக்கு நடுவே சுவர் எழுப்ப ஆள் சொல்லிவிட்டேன் என்று அறிவித்துவிட்டுப் படுத்த பெயின்டர் குறட்டை விட்டுத் தூங்கினார். தூக்கம் கெட்டது அவர் மனைவிக்குத்தான்.

அவளைத் தெருவில் எல்லோரும் வேன் அக்கா என்பார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். பின்சீட்டில் ஒரு பட்டாளமே கத்திக் கூப்பாடு போட்டாலும், பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் ஒரு தடவை முறைத்தால் போதும், வண்டி கப்சிப்பென்று அடங்கிவிடும். அப்படிப்பட்டவளுக்கு வீட்டிலிருக்கும் இரண்டு ஆம்பிளைகளை அடக்கத் தெரியவில்லை. அதுதான் அவளுக்கே பொறுக்கவில்லை.

சண்டை என்னவோ சின்னதுதான். கீழே அண்ணன் பெயின்டரின் குடும்பம், மாடியில் தம்பி குடும்பம். வாசலும் பக்கத்துச் சந்தும் பொது. சந்தில் நிற்கிற சக்கரம் வைத்த குப்பைத் தொட்டியும் பொது. அந்தச் சந்தின் தரைக்குப் பெயின்டர் ஆசை ஆசையாகச் சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தார். குப்பை லாரி வந்துபோன ஒரு நாள், வேலையிலிருந்து திரும்பிப் பார்த்தால், தரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீளமாக ஒரு கீறல். தொட்டியின் இடது சக்கரம் வெடித்துக் கோணிக்கொண்டு நின்றது.

"இதை இழுத்த கை விளங்காமப் போகட்டும்!" என்று சந்தில் நின்று கத்தினார் பெயின்டர்.

மாடியிலிருந்து தம்பி இறங்கி வந்தான். "நான்தான் இழுத்தேன்" என்றான்.

அவ்வளவுதான். வாய்க்கு வாய் வளர்ந்தது. நீ யாரோ நான் யாரோ என்று முடிந்தது. உடைத்தவன் தள்ளட்டும் என்று அண்ணன் தொட்டியைத் தொடவில்லை. தம்பியும் இறங்கி வரவில்லை. போன வாரம் லாரி வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போயே போய்விட்டது. தொட்டி வாய் மூடாமல் வழிந்தது. நாற்றம் மட்டும் கீழ்வீடு மேல்வீடு என்று பாரபட்சம் பார்க்கவில்லை.

இன்றைக்கு மறுபடியும் லாரி வருகிற நாள். கூடவே கொத்தனாரும் வந்துவிட்டார்.

வேன் அக்கா சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது, வாசலில் செங்கல் இறங்கிக்கொண்டிருந்தது. கொத்தனார் சந்துக்குள் நூல் பிடித்துப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"சுவர் வர்ற இடத்துலேயே தொட்டி நிக்குது. இதை யாராவது நகர்த்தினாத்தான் நான் தரையைக் கொத்த முடியும்."

"அதை உடைச்சவன்கிட்ட சொல்லுங்க கொத்தனாரே" என்றார் பெயின்டர், மாடிப்படியைப் பார்க்காமலே.

மாடிப்படியில் தம்பி நின்றுகொண்டிருந்தான். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. தெருவில் அவனுக்கு ஊசி என்று பெயர். யார் கையில் குத்தினாலும் வலிக்காது என்பார்கள். அண்ணனிடம் மட்டும் அந்தப் பக்குவம் எங்கே போனதோ தெரியவில்லை.

"சுவர் கேட்டவர் யாரோ அவரையே நகர்த்தச் சொல்லுங்க கொத்தனாரே" என்றான் அவன்.

"அவனுக்குக் கை இருக்கான்னு கேளுங்க."

"அவருக்குக் காது இருக்கான்னு கேளுங்க."

கொத்தனார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறவர்களுக்கு நடுவில் தபால் கொடுக்கிற வேலையை அவர் இதுவரை பார்த்ததில்லை. "ஐயா, நான் சிமென்ட் குழைக்க வந்தவன். என்னை விட்டுடுங்க" என்று செங்கல் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

வேன் அக்கா பார்த்தாள். இந்தச் சந்தில் ஒரு சுவர் எழும்பினால் அப்புறம் அது இடிபடாது. சுவருக்கு அந்தப் பக்கம் பிறக்கிற குழந்தை இந்தப் பக்கத்துப் பெரியம்மாவை யாரோ என்று பார்க்கும். அதை நினைத்தால் யாருக்கும் அழுகை வரும். ஆனால் அழுகிற ஜாதி இல்லை அவள்.

"கொத்தனாரே" என்றாள். "நான் பிள்ளைங்களை இறக்கிவிட்டுட்டு வர்ற வரைக்கும் ஒரு செங்கல் நகரக் கூடாது. தொட்டியை நான் நகர்த்தறேன்."

"அதெப்படி, வீல் உடைஞ்சிருக்கே?" என்றார் பெயின்டர்.

"உடைஞ்சதை மாத்தினா ஓடும். வண்டி ஓட்டறவளுக்கு வீல் மாத்தத் தெரியாதா? தள்ளுங்க, வழியில நிக்காதீங்க."

பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் ஹார்டுவேர் கடையில் நிறுத்தினாள். கடைக்காரர் பரண்மேல் ஏறித் தேடி, தூசி தட்டி ஒரு பொட்டலத்தைப் போட்டார்.

"ஒரு வீல் போதும்" என்றாள்.

"ஒத்தையா வராதும்மா, ஜோடிதான். ராடு மட்டும் கிடையாது. பழைய ராடைக் கழட்டிச் சுத்தம் பண்ணி அதுலயே மாட்டிக்கணும்."

வீட்டுக்கு வந்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு காரியத்தில் இறங்கினாள். குப்பைப் பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள். தொட்டியை மல்லாக்கச் சாய்த்தாள். கண்ணைக் கூசுகிற மஞ்சள் தொட்டி அது. பெயின்டருக்கு வேலை செய்கிற இடத்தில் மிஞ்சுகிற பெயின்டெல்லாம் இந்த வீட்டுக்குத்தான் வந்து சேரும். ஜன்னல் கம்பிக்கு ஆஸ்பத்திரிப் பச்சை, சமையலறை ஸ்டூலுக்குப் பள்ளிக்கூட நீலம். அசையாமல் ஒரு இடத்தில் நின்றால் தனக்கும் ஒரு கோட்டிங் விழுந்துவிடும் என்று வேன் அக்கா கேலி செய்வாள்.

தொட்டியின் அடியில் குறுக்காக ஒரு இரும்பு ராடு ஓடுகிறது. அதன் இரண்டு முனையிலும் சக்கரங்கள். வலது பக்கத்து மூடியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியதும் பட்டென்று தெறித்தது. சக்கரமும் கையோடு வந்துவிட்டது. அதை விரலில் மாட்டிச் சுற்றினாள். நன்றாகத்தான் சுற்றியது.

இடது சக்கரம் அசையவே இல்லை. திருகிப் பார்த்தாள், காலால் உதைத்துப் பார்த்தாள். அது ராடோடு ராடாக ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கவனித்தாள். சக்கரத்தின் ஒரு பக்கம் மட்டும் அரிவாளால் சீவினதுபோல் தட்டையாகத் தேய்ந்திருந்தது. சுற்றுகிற சக்கரம் இப்படி ஒரே இடத்தில் தேயாது. சுற்றாமல் இழுபட்ட சக்கரம்தான் தேயும். வேனில் பிரேக் பிடித்துக்கொண்டால் டயருக்கு இந்தக் கதிதான்.

ஏன் சுற்றவில்லை? கத்தி முனையால் சக்கரத்துக்கும் ராடுக்கும் நடுவில் சுரண்டினாள். மஞ்சள் பெயின்ட் உதிர்ந்தது.

வேன் அக்கா குந்திக்கொண்டு அந்தப் பெயின்ட் தூளை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள். சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இதற்கா ஒரு சுவர்?

சத்தம் போட்டுச் சொல்லியிருக்கலாம். கொத்தனார் முன்னால், மாடியில் காது கொடுத்துக்கொண்டிருக்கிற தம்பி முன்னால், மனுஷனின் மானத்தை வாங்கியிருக்கலாம். ஆனால் புருஷனை அவளுக்குத் தெரியாதா? நாலு பேர் முன்னால் தப்பைக் காட்டினால் சுவரை இரண்டடி கூட்டிக் கட்டச் சொல்லுகிற ஆள். அவராகவே பார்க்கட்டும் என்று முடிவு செய்தாள்.

"என்னங்க, இங்க வாங்க. ஒரு ஆள் பிடிக்கணும், ஒரு ஆள் அடிக்கணும். எனக்கு ரெண்டு கைதான் இருக்கு."

"அவன் உடைச்சதுக்கு நான் ஏன் வரணும்?"

"வர வேணாம். நானே அடிக்கறேன், தொட்டி பிளந்தா பிளக்கட்டும்" என்று சுத்தியலைக் கோணலாகப் பிடித்து ஓங்கினாள்.

அது போதும். யாராவது ஒரு கருவியைத் தப்பாகப் பிடித்தால் பெயின்டருக்குத் தாங்காது. "ஏய் ஏய்! அப்படியா பிடிக்கிறது? கொண்டா இங்க" என்று ஓடி வந்தார்.

அவள் தொட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவர் ராடின் வலது முனையில் ஒரு மரத்துண்டை வைத்து அடித்தார். நாலைந்து அடியில் ராடு நகர்ந்து, இடது சக்கரத்தோடு சேர்ந்து வெளியே வந்து விழுந்தது. விழுந்த வேகத்தில், ஏற்கெனவே வெடித்திருந்த சக்கரம் இரண்டாகப் பிளந்துகொண்டது.

பெயின்டர் குனிந்து ராடை எடுத்தார். சக்கரம் இருந்த இடத்தில் கெட்டியாக மஞ்சள் எனாமல் சுற்றியிருந்தது, வெந்நீரில் ஊறிய விரல்நுனி மாதிரி சுருக்கம் சுருக்கமாக.

அந்தச் சுருக்கம் என்ன சொல்கிறது என்று உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். ஈரம் காயாத பெயின்ட் மேல் எதையாவது மாட்டி மூடினால்தான் அப்படிச் சுருங்கும். தொட்டிக்கு அடித்த அன்றைக்கு மழை இருட்டிக்கொண்டு வந்தது. மறுநாள் லாரி. தொட்டியை இடது பக்கமாகப் படுக்கப் போட்டு, ராடுக்கும் பிரஷ்ஷால் ஒரு இழுப்பு இழுத்து, அவசர அவசரமாகச் சக்கரத்தை மாட்டியது அவர்தான். வழிந்த பெயின்டெல்லாம் இடது பக்கம் இறங்கி, உள்ளே தங்கி, கல்லாக இறுகிவிட்டது. காயும் முன்னே கை வைத்தான் என்று எத்தனை பையன்களை அவர் வேலையை விட்டே துரத்தியிருக்கிறார்!

அவர் முகம் போன போக்கை வேன் அக்கா பார்த்தாள். பார்க்காதவள்போல் புதுச் சக்கரத்தின் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"என்ன பிடிச்சிருக்கு ராடுல?" என்று செங்கல் மேலிருந்து குரல் கொடுத்தார் கொத்தனார்.

பெயின்டர் நிமிராமலே, "துரு" என்றார். சொல்லிவிட்டு ராடைப் பனியனுக்குள் ஒளிக்காத குறையாகத் திருப்பிக்கொண்டார்.

வேன் அக்காவின் கை நின்றது. இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த கோபம் அப்போதுதான் பொங்கியது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. அவர் காதருகில் சொன்னாள்.

"மஞ்சளா துருப்பிடிக்கிற இரும்பை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"மெதுவா பேசு. மானம் போகுது."

"உங்க மானம் சரி. அன்னிக்கு அவனை நிக்க வெச்சு என்னவெல்லாம் சொன்னீங்க? பொறுப்பு இருக்கா, புத்தி இருக்கா, இது என் தரைடான்னு. அவன் மானத்தை யார் கொண்டு வந்து கொடுப்பாங்க?"

"இப்ப என்னை என்ன பண்ணச் சொல்றே? கால்ல விழணுமா?"

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன். சொல்றதுன்னா நீங்களே சொல்லுங்க. சொல்ல மாட்டேன்னா தாராளமா சுவரை எழுப்புங்க. ஆனா எழுப்பறதுக்கு முன்னாடி, நான் எந்தப் பக்கம் நிக்கறேன்னு ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

பெயின்டர் விருட்டென்று நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வண்டியைத் திருப்ப முடிவு செய்துவிட்டாளென்றால் எதிரே யார் வந்தாலும் திருப்பிவிடுகிறவள் என்று அவருக்குத் தெரியும்.

அவர் எழுந்து உள்ளே போனார். பெயின்ட் கரைக்கிற தின்னரும் சுரண்டுகிற பட்டித் தகடும் கொண்டுவந்து உட்கார்ந்தார். ராடைச் சுரண்டினார், துடைத்தார், மறுபடியும் சுரண்டினார். கடைசியில் இரும்பு பளிச்சென்று வந்தது. கிரீஸ் தடவி ராடைச் செருகி, இரண்டு பக்கமும் புதுச் சக்கரம் மாட்டி, மூடியைத் தட்டி இறுக்கினார்கள். பழைய வலது சக்கரத்தை, எதற்காவது ஆகும் என்று அவள் ஓரமாக எடுத்து வைத்தாள். தொட்டியை நிமிர்த்தி, குப்பையைத் திரும்பப் போட்டு, ஒரு தள்ளு தள்ளினாள். அது சந்தில் சத்தமே இல்லாமல் ஓடிப்போய் நின்றது.

"அடேங்கப்பா!" என்றார் கொத்தனார். "சரி, இடம் காலியாயிடுச்சு. தரையைக் கொத்தலாமா?"

பெயின்டர் தரையில் இருந்த கீறலைக் காலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

தெருக்கோடியில் லாரியின் ஹாரன் கேட்டது. அதே நேரம் லேபுக்குக் கிளம்பிய தம்பி மாடிப்படி இறங்கி வந்தான். தொட்டி நேராக நிற்பதைப் பார்த்தான். அண்ணன் கையில் கிரீஸைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் தாண்டிப் போகப் பார்த்தான்.

"கொத்தனாரே" என்றார் பெயின்டர். குரல் கரகரத்தது. "அவன்கிட்ட ஒண்ணு சொல்லுங்க."

"ஐயா, திரும்பவும் நானா?"

"சொல்லுங்க. வீலை உடைச்சது நான்தானாம். காயாத பெயின்ட்ல மாட்டிட்டேனாம். அது சுத்தவே இல்லையாம். யார் இழுத்திருந்தாலும் தரை கீறியிருக்குமாம். அவன் மேல தப்பே இல்லையாம். சொல்லுங்க."

கொத்தனார் தம்பியைப் பார்த்தார். "கேட்டுடுச்சா தம்பி? நான் சொன்னதா வெச்சுக்குங்க."

தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளாமலே நின்றான்.

"அண்ணே" என்றான் கடைசியில், நேராகவே. "நான் அன்னிக்கே மறந்துட்டேன்."

"அப்புறம் என்னடா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு?"

"நீங்க பேசல, நானும் பேசல."

வேன் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெயின்டர் கொத்தனார் பக்கம் திரும்பினார். "செங்கல்லை ஏத்திக்கிட்டுப் போயிடுங்க கொத்தனாரே. சுவர் வேணாம். இன்னிக்குக் கூலி நான் தர்றேன்."

"நல்ல காரியம். நூல் பிடிச்சதுக்கே கூலி கிடைக்குது" என்று கொத்தனார் எழுந்து தூசி தட்டிக்கொண்டார்.

எல்லாம் முடிந்தது என்றுதான் வேன் அக்கா நினைத்தாள். தம்பிதான் தரையைப் பார்த்தபடி சொன்னான்:

"சுவர் வேணாம்னு சொன்னதுல சந்தோஷம் அண்ணே. ஆனா நாங்க வேற வீடு பாத்தாச்சு. ஞாயித்துக்கிழமை போறோம்."

"ஏன்டா? அதான் தப்பு என்னுதுன்னு சொல்லிட்டேனே!"

"என் வீட்டுக்காரிக்கு இங்க இருக்கப் பிடிக்கல."

"பிடிக்காத அளவுக்கு நான் அவளை என்ன சொன்னேன்? ஒரு வார்த்தை பேசியிருப்பேனா?"

தம்பி மாடியை ஒரு தடவை பார்த்தான். லாரி மறுபடியும் ஹாரன் அடித்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தொட்டியை வாசற்படி தாண்டித் தூக்கி வைத்து, தெருக்கோடிக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

வேன் அக்கா கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மாடியிலிருக்கும் ஓர்ப்படி, தம்பியின் மனைவி, கீழே இறங்கி நாளாகிறது. அழகு நிலையத்தில் முடி வெட்டுகிற வேலை அவளுக்கு. சீப்பும் கத்தரியும் பிடித்தால் கை காற்றாகப் பறக்கும். காலையில் வேலைக்கு ஓடும்போது, வேனுக்குள் தலையை நீட்டி, வாண்டுகளுக்குக் கோணலாக இருக்கிற வகிட்டைச் சரி செய்துவிட்டுத்தான் போவாள். இப்போது அவள் சத்தமே காணோம். கோபமாக்கும், தானாக ஆறட்டும் என்று வேன் அக்காவும் விட்டுவிட்டாள். அப்படி விட்டது தப்பு என்று இப்போது தோன்றியது. மாடிப்படி ஏறினாள்.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அட்டைப் பெட்டிகள். ஓர்ப்படி கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள். கீழே நடந்ததெல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"என்னைத் தடுக்க வந்திருந்தா வராதீங்க அக்கா."

"தடுக்க வரலம்மா. எதுக்குப் போறேன்னு கேக்க வந்தேன். இத்தனை நாளா இந்த வீட்டுல யாருமே உன்னைக் கேக்கலையே."

ஓர்ப்படி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த வலது கையை முன்னால் கொண்டுவந்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தது. வெளியே தெரிந்த விரல்கள் வீங்கியிருந்தன.

"அன்னிக்கு அவர் நைட் டியூட்டி முடிஞ்சு வந்து அசந்து தூங்கினார். லாரி வந்துடுச்சேன்னு தொட்டியை இழுத்தது நான்தான் அக்கா. அது நகரவே இல்ல. முழு பலத்தையும் போட்டு இழுத்தேன். கைக்குள்ள என்னமோ பிசகிடுச்சு. சாயங்காலம் மாமா கீழ நின்னு, இழுத்த கை விளங்காமப் போகட்டும்னு கத்தினார். நான் சொல்றதுக்குள்ள இவர் ஓடிப்போய் பழியைத் தன் மேல போட்டுக்கிட்டார். இந்தக் கையால என்னால கத்தரியைப் பிடிக்க முடியல. ராத்திரியில வலி எடுக்கறப்பல்லாம் மாமா குரல்தான் கேக்குது. இந்த வீட்டுல எப்படி அக்கா இருப்பேன்?"

வேன் அக்கா அந்தக் கையை மெதுவாகத் தன் இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டாள். குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டாள். இந்தத் தடவை அவளுக்கு அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டாள்.

கீழே அண்ணனும் தம்பியும் காலித் தொட்டியை உருட்டிக்கொண்டு வருகிற பேச்சுச் சத்தம் கேட்டது. பெயின்டர் ஏதோ சொல்லிச் சிரித்தார். பாரம் இறங்கின மனுஷனின் சிரிப்பு.

வேன் அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு மாடிப்படி முனைக்கு வந்தாள்.

"என்னங்க" என்று கூப்பிட்டாள். "மேல வாங்க. நீங்க ஆள் மாத்தி மன்னிப்பு கேட்டுட்டீங்க."

சிரிப்பு நின்றது. தம்பி அண்ணனின் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டான். பெயின்டர் முதல் படியில் கால் வைத்து, மேலே நிமிர்ந்து பார்த்தார். மனைவிக்குப் பின்னால் அந்த வெள்ளைக் கட்டு தெரிந்தது.